பெரிய கிராணியாரின் ஒரு கரண்டி உப்பு

மீன் செத்ததற்கு விளக்கம் எழுதித் தரச் சொல்லி உங்களிடம் யாராவது வந்ததுண்டா? என்னிடம் வந்தார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். அதுவும் ஆங்கிலத்தில், ஃபூல்ஸ்கேப் தாளில், இடது பக்கம் இரண்டு விரல் மார்ஜின் விட்டு.

இது நடந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. யாருடைய மனமும் புண்பட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் என் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில் மறுபடியும் உப்புப் பேச்சு வந்தது. இனி அடக்கினால் எனக்கு அஜீரணம் வந்துவிடும். எழுதிவிடுகிறேன்.

சம்பந்தப்பட்ட பெரிய மனிதர் படித்துவிடுவாரே என்று கவலைப்படாதீர்கள். தமிழ்ப் பத்திரிகை வாசிப்பது தம் அந்தஸ்துக்குக் குறைவு என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கைக்கு நான் இன்று நன்றி சொல்கிறேன்.

அவர் ஒரு சர்க்கார் ஆபீஸில் தலைமை கிளார்க். எந்த இலாகா என்று கேட்காதீர்கள். ஊரில் எல்லோருக்கும் அவர் பெரிய கிராணியார். துரை கையெழுத்துப் போடுவார். எந்த இடத்தில் போட வேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுப்பவர் இவர். யாரை எந்த ஊருக்கு மாற்றுவது என்பதும் அந்தப் புள்ளியில்தான் அடங்கியிருந்தது.

இவர் வீட்டு வராந்தாவில் ஒரு கண்ணாடித் தொட்டி. இரும்புச் சட்டம் போட்டது, இரண்டு மண்ணெண்ணெய் டின் தண்ணீர் கொள்ளும். அதில் ஐந்து தங்கமீன்கள். எல்லாவற்றிலும் பருத்த சிவப்பு மீனுக்கு 'ரெசிடெண்ட்' என்று, மாநிலத்தையே ஆளும் வெள்ளைக்கார துரையின் பதவிப் பெயரை வைத்திருந்தார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் சுற்றி வருவதால் அந்தப் பெயரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்... ஆனால் அவர் மரியாதைக்காகத்தான் வைத்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸ் ஆட்கள் கோட்டு மாட்டிக்கொண்டு அந்த மீன்களைப் பார்க்க வருவார்கள். ஆமாம், மீன்களைப் பார்க்க. "ரெசிடெண்ட் இன்னைக்குத் தெளிவா இருக்காருங்க ஐயா" என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர் தலையாட்டுவார். கோயிலில்கூட இவர்கள் இத்தனை நேரம் கைகட்டி நின்று நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் பெரிய கிராணியார் தம் ரகசியத்தைச் சொல்வார். உப்பு! தினமும் காலையில் ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு. மீனுக்கு வருகிற சொறி, பூஞ்சணம், மூச்சிரைப்பு எல்லாம் அதில் ஓடிப்போகும் என்பார். இங்கிலீஷ் சஞ்சிகை ஒன்றில் படித்தாராம். அது நோய் வந்த மீனுக்குச் சொன்னதா, நல்ல மீனுக்குச் சொன்னதா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கேட்காமலே மூன்று பேர் தொட்டி வாங்கினார்கள். மூன்று பேரும் தினமும் ஒரு கரண்டி உப்புப் போட்டார்கள். மூன்று வீட்டு மீன்களும் மாதம் தவறாமல் செத்தன. பெரிய கிராணியார் வீட்டு மீன்கள் மட்டும் சாகவே இல்லை. இதிலிருந்து ஆபீஸ் என்ன முடிவுக்கு வந்தது தெரியுமா? "ஐயா கைராசி!"

படித்தவர்கள், சார். எல்லோரும் சீனியர் பரீட்சை பாஸ் செய்தவர்கள்.

இனி என் பக்கத்து வீட்டுச் சுந்தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே ஆபீஸில் சின்ன கிராணி. நல்லவன், பயந்தவன். அவன் மனைவி லோகம் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. முதல் குழந்தையை அவர்கள் உள்நாட்டில் ஒரு சின்ன ஊரில் இருந்தபோது இழந்தார்கள். காய்ச்சல். டாக்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதிலிருந்து லோகத்துக்கு ஒரே ஒரு பிடிவாதம் - அடுத்த பிரசவம் கோலாலம்பூரில், ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில்.

அந்தச் சமயம் பார்த்துச் சுந்தரத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மறுபடியும் உள்நாட்டுக்கு, கோலா லிப்பிஸுக்கு, இரண்டு மாதத்துக்குள் போய்ச் சேரச் சொல்லி.

அவன் பெரிய கிராணியாரிடம் ஓடினான். துரையிடம் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், உத்தரவு நின்றுவிடும். பெரிய கிராணியார் மறுக்கவில்லை. சம்மதிக்கவும் இல்லை. தம்பி மகள் கல்யாணத்துக்கு மனைவியோடு பினாங்கு போவதாகவும், நாற்பது நாள் லீவு என்றும், திரும்பி வந்ததும் பார்க்கலாம் என்றும் சொன்னார். அதுவரை மீன்களை யார் கவனிப்பது என்பதுதான் தம் கவலை என்றார்.

சொல்லிவிட்டுச் சுந்தரத்தைப் பார்த்தார்.

சுந்தரம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். வேறு என்ன சொல்வான்?

மறுநாள் தொட்டி ஊர்வலமாக வந்தது. ஒரு ரிக்‌ஷாவில் காலித் தொட்டி, பின்னால் இன்னொன்றில் டின்னுக்குள் மீன்கள், கூடவே ஓட்டமும் நடையுமாகச் சுந்தரம். வீட்டு முன்னறையில் லோகத்தின் தையல் மெஷினை நகர்த்திவிட்டு ரெசிடெண்ட் குடியேறினார். குழந்தைக்குச் சட்டை தைக்க அவள் அடுப்படிக்குப் போனாள்.

தொட்டியோடு ஓர் உத்தரவும் வந்தது. டைப் அடித்தது, கார்பன் நகலோடு. சுந்தரம் நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு வேளை தீனி. தினமும் காலையில் தண்ணீர் குறைந்திருந்தால் கண்ணாடியில் வரைந்துள்ள வெள்ளைக் கோடு வரை நிரப்ப வேண்டும். நிரப்பியதும் ஒரு மேசைக்கரண்டி உப்பு. பூனையை அண்ட விடக் கூடாது. அவ்வளவுதான்.

சுந்தரம் அந்தத் தாளைத் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினான். சீனியர் பாஸ் செய்த சர்டிபிகேட்டைக்கூட அவன் அப்படி ஒட்டியதில்லை.

முதல் பத்து நாள் ஒரு குறையும் இல்லை. அப்புறம் தண்ணீர் கலங்கியது. முன்னறையில் கவிச்சை அடித்தது. கர்ப்பிணிக்கு அது குமட்டுமா, குமட்டாதா? லோகம் தண்ணீரை மாற்றச் சொன்னாள். சுந்தரம் சுவரில் இருந்த தாளை இன்னொரு தரம் படித்தான்.

"மாத்தணும்னு அதுல எழுதலையே" என்றான்.

"மாத்தக் கூடாதுன்னு எழுதியிருக்கா?" என்றாள் அவள்.

நான் அப்போது அங்கேதான் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். சுந்தரம் என்னைப் பார்த்தான். ஊருக்கெல்லாம் வாரா வாரம் புத்தி சொல்கிற நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதாததைச் செய்வது ஆபத்து என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. லோகம் என் டம்ளரை, நான் குடித்து முடிப்பதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாவது வாரத்தில் முதல் மீன் செத்தது.

அதே மாதிரி ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று சுந்தரம் என்னை இழுத்துக்கொண்டு பெட்டாலிங் தெருவுக்கு ஓடினான். அங்கே மீன் விற்கிற சீனக் கிழவரிடம் அரைகுறை மலாயில் விஷயத்தைச் சொன்னோம். அவர் மீனை எடுத்துத் தரவில்லை. தண்ணீர் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். மாற்றவில்லை. உப்புப் போடுகிறீர்களா? போடுகிறோம். எத்தனை நாளாக? தினமும்.

கிழவர் வாயிலிருந்த சுருட்டை எடுத்தார். நீங்கள் இக்கான் மாசின் போடுகிறீர்களா என்று கேட்டார். கருவாடு போடுகிறீர்களா என்று அர்த்தம். கடையில் நின்றிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்துவிட்டு அவர் பொறுமையாகச் சொன்னார். உப்பு மருந்து. நோய் வந்தால் கொஞ்சம் போடு, நாலைந்து நாள் வை, அப்புறம் தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை வெளியேற்று. நோய் இல்லாத மீனுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். இப்போது போய்ப் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, பிடித்து வைத்த நல்ல தண்ணீர் ஊற்று. இன்னும் இரண்டு நாளில் மறுபடியும் அதையே செய். புது மீன் இன்றைக்கு வேண்டாம், காசை வீணாக்காதே.

விற்கிறவனே வாங்காதே என்று சொன்னால் அவன் சொல்வதில் உண்மை இருக்காதா? குழந்தைக்குக்கூடப் புரியும். எங்களுக்குப் புரியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் நாங்கள் இருவரும் அந்தக் கிழவரைக் கேலி செய்தோம். மீன் விற்கிறவனுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்? இங்கிலீஷ் படித்திருக்கிறானா?

உண்மையில் சுந்தரத்தின் கணக்கு வேறு. வீட்டுக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, தண்ணிய மாத்தி மீன் செத்தா என் தப்பு. உத்தரவுப்படி செஞ்சு செத்தா என் தப்பில்ல."

மீன் பிழைக்குமா என்று அவன் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நானும் கேட்கவில்லை. செத்தாலும் பரவாயில்லை, ஃபைல் சுத்தமாக இருக்க வேண்டும்! இந்த நாட்டில் நம்மவர்கள் இரண்டு தலைமுறையாக ஆபீஸில் கற்றுக்கொண்ட மொத்த ஞானமும் இதுதான். இதற்கு ஒரு பென்ஷன் வேறு.

அன்றைக்கு மற்ற மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூச்சிரைப்பு! மூச்சிரைப்புக்கு என்ன மருந்து? பெரிய கிராணியார் சொன்னதுதான். இன்னொரு கரண்டி போட்டால் என்ன என்றேன் நான். சுந்தரம் போட்டான்.

முப்பதாவது நாளுக்குள் நான்கு மீன்கள் போய்விட்டன. ரெசிடெண்ட் மட்டும் பதவிக்கேற்ற பிடிவாதத்தோடு ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தார். நாற்பதாவது நாள் சுந்தரம் பெரிய கிராணியாரை வரவேற்க ஸ்டேஷனுக்குப் போயிருந்தபோது அவரும் மல்லாந்துவிட்டார். மாலையோடு போனவன் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

பெரிய கிராணியார் சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிறவர்களை நம்பலாம். அவர் ஒரு சீட்டு அனுப்பினார். ஐந்து மீன்களின் மரணத்துக்கு எழுத்துமூலம் விளக்கம் தேவை. லிப்பிஸ் விஷயம்? விளக்கம் வந்த பிறகு பார்க்கலாமாம்.

அப்போதுதான் சுந்தரம் என்னிடம் வந்தான். நான் எழுதினேன். எப்படி எழுதினேன் என்கிறீர்கள்! உத்தரவை ஓர் எழுத்தும் பிசகாமல் நிறைவேற்றிய போதிலும், இந்த வருஷத்து அசாதாரண வெயிலின் காரணமாக மேற்படி மீன்கள் காலமானது குறித்து ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துக்கொள்ளலாகிறது... உப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உப்புதான் காரணம் என்று எனக்கு அப்போது தெரிந்துதான் இருந்தது. சீனக் கிழவரின் சிரிப்பு காதிலேயே இருந்தது. ஆனால் எழுதுகிற கைக்குத் தைரியம் இருக்க வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தாளோடு போனோம். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று லோகமும் கூட வந்தாள். தொட்டி மறுபடியும் அவர் வராந்தாவுக்கு வந்துவிட்டது. முந்தின நாள்தான் வாங்கிவிட்ட ஐந்து புது மீன்கள் அதில் ஓடிக்கொண்டிருந்தன. வழக்கமான கோட்டுக்காரர்கள் நான்கு பேர் துக்கம் விசாரிக்க வந்திருந்தார்கள். பெரிய கிராணியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் ஆங்கிலத்தை நிதானமாகப் படித்தார்.

அப்போது அவர் மனைவி காமாட்சி அம்மாள் காப்பித் தட்டோடு வந்தார். அந்த அம்மாள் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. தட்டை வைத்துவிட்டு, லோகத்தை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அப்புறம் எல்லாவற்றிலும் சாதாரணமான கேள்வியைக் கேட்டார்.

"தண்ணிய யாரும்மா மாத்துனா?"

"யாரும் மாத்தலைங்க" என்றாள் லோகம்.

"நாப்பது நாளுமா?" அம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "எழுதிக் கொடுத்தேன்னு சொன்னீங்களே. தண்ணிய மாத்தறதை எழுதலையா?"

பெரிய கிராணியார் கண்ணாடியைக் கழற்றினார். இங்கே யார் தண்ணீரை மாற்றுகிறார்கள் என்று கேட்டார்.

நிஜமாகவே அவருக்குத் தெரியாது. ஆறு வருஷமாக மீன் வளர்க்கிறார், தெரியாது!

அம்மாள் சொன்னார். இவர் காலையில் ஒரு கரண்டி உப்பைப் போட்டுவிட்டு ஆபீஸ் போய்விடுவார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மாள் பாதித் தொட்டியை வாளியில் மொண்டு எடுத்து வராந்தாவைக் கழுவிவிட்டு, ஜாடியில் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றி நிரப்பிவிடுவார். மீனுக்காகக்கூட இல்லையாம், நாற்றம் தாங்காமல்தானாம். போட்ட உப்பெல்லாம் அப்படித்தான் வராந்தா வழியாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ரசம் சுண்டினா தண்ணிதான் போகும். உப்பு எங்க போகும்? சட்டியிலதான் கெடக்கும்" என்றார் அம்மாள். "தெனம் ஒரு கரண்டி போட்டுட்டு, குறைஞ்ச தண்ணிய மட்டும் ஊத்திக்கிட்டே இருந்தா என்னத்துக்கு ஆகும்?"

கோட்டுக்காரர்கள் காப்பியைப் பார்த்தார்கள். மூன்று பேர் தங்கள் வீட்டுத் தொட்டிகளை நினைத்திருக்க வேண்டும். கைராசி என்று இவர்கள் கும்பிட்டதெல்லாம் ஒரு வாளியையும் ஒரு துடைப்பத்தையும்தான்.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்றார் பெரிய கிராணியார்.

"நீங்க கேக்கலியே."

நான் மனசுக்குள் அந்த அம்மாளுக்கு மாலை போட்டேன். ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை. லோகத்திடம் எத்தனை மாதம் என்று விசாரித்தார். லிப்பிஸ் விஷயம் அப்போதுதான் அவர் காதுக்குப் போனது. முதல் குழந்தையின் கதையும் வந்தது. லோகம் அழாமல்தான் சொன்னாள். அது போதாதென்று நினைத்தோ என்னவோ, சுந்தரம் அழுதான்.

அம்மாள் காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கினார். அடுக்கிக்கொண்டே புருஷனிடம் சொன்னார்:

"இந்தப் பொண்ணு லிப்பிஸ் போறதா இருந்தா நானும் கூடப் போறேன். பேறுகாலத்துக்கு ஒரு பொம்பள வேணாமா? மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் தண்ணிய நீங்களே மாத்திக்குங்க."

குரலை உயர்த்தவில்லை. தட்டோடு உள்ளே போய்விட்டார். பெரிய கிராணியார் புது மீன்களைப் பார்த்தார். வாளி எங்கே இருக்கும் என்று யோசித்தாரோ என்னவோ. பிறகு என் விளக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பார்ப்போம் என்றார்.

திங்கட்கிழமை மாலைக்குள் பென்சில் புள்ளி விழுந்துவிட்டது. லிப்பிஸுக்கு வேறு யாரோ போனார்கள். அவருக்கு யாரும் மீன் கொடுத்து வைக்கவில்லை போலிருக்கிறது, பாவம்.

இதிலிருந்து அந்த ஆபீஸ் ஏதாவது கற்றுக்கொண்டதா? நல்ல கேள்வி. பெரிய கிராணியார் இன்றும் காலையில் ஒரு கரண்டி உப்புப் போடுகிறார். அம்மாள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதை எடுத்துக் கொட்டுகிறார். கோட்டுக்காரர்கள் இன்றும் ஞாயிற்றுக்கிழமை வந்து உப்பின் மகிமையைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள் - எல்லாம் தெரிந்துகொண்டே!

சரி, குழந்தைக்கு வருகிறேன். பெண் குழந்தை. இங்கேயே ஆஸ்பத்திரியில் பிறந்தது, தாயும் சேயும் சுகம். அதை முதன்முதலில் கையில் வாங்கியபோது லோகத்தின் முகம் எப்படி இருந்தது என்று சுந்தரம் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன், அது அவர்களுடையது. சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனபோது பெரிய கிராணியாரும் அம்மாளும் வந்திருந்தார்கள். அவர் குழந்தையின் கன்னத்தில் இருந்த வேர்க்குருவைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். குளிக்கிற தண்ணீரில் தினமும் ஒரு மேசைக்கரண்டி உப்புப் போடச் சொன்னார்.

"சரிங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டே சுந்தரம் கரண்டியை எடுக்க எழுந்தான்.

லோகம் ஒரு பார்வை பார்த்தாள். உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் பார்வையை அவன் டைப் அடித்துத் தரச் சொல்லிக் கேட்கவில்லை.